காரின் மூச்சுத் திணறல்

நோயாளி ஒருவர் மருத்துவரிடம் சென்று, "எனக்கு இன்ன மருந்து கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், நல்ல மருத்துவர் மருந்தை எடுத்து நீட்டமாட்டார். நாடியைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நேற்று என்ன உண்டீர் என்று கேட்பார். நோய் இன்னதென்று தெரிந்த பின்பும் அவர் விடுவதில்லை. அந்த நோய் ஏன் வந்தது என்பதையும் ஆராய்வார். மோட்டார் வண்டி விஷயத்திலோ நாம் இந்தப் பொறுமையை இழந்துவிடுகிறோம். வண்டி முனகினால், "எந்த உறுப்பை மாற்ற வேண்டும்?" என்பதே நமது முதற்கேள்வியாக இருக்கிறது. அக்கேள்வி எவ்வளவு தவறானது என்பதை என் பழைய கார் எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் நான் வசிக்கிறேன். என்னிடம் உள்ளது 2006-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட சிறிய பெட்ரோல் கார். ஒரு நாள் அம்பத்தூரைக் கடந்து பாடி மேம்பாலத்தில் ஏறும்போது, வண்டி திடீரெனச் சோர்ந்தது. மிதியை அழுத்த அழுத்த வேகம் கூடுவதற்கு மாறாகக் குறைந்தது. பின்னால் வந்த பேருந்துகள் ஒலியெழுப்ப, மாட்டுவண்டியின் வேகத்தில் பாலத்தைக் கடந்தேன். சமதரையில் மெல்லச் சென்றால் குறை ஒன்றும் தெரியவில்லை. வேகம் வேண்டும்போதுதான் மூச்சுத் திணறியது.

நான் முதலில் அணுகிய பட்டறையில் இருவிதமான யோசனைகள் கிடைத்தன. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது; புதிதாகப் போடப் பல்லாயிரம் ரூபாய் ஆகும்" என்றார் ஒருவர். "எதற்குச் செலவு? உள்ளே இருப்பதை உளியால் தட்டி எடுத்துவிட்டு வெறுங்கூட்டை மாட்டிவிடலாம், கூலி கூட வேண்டாம்" என்றார் மற்றொருவர். இரண்டாவது யோசனையில் என் மனம் சற்றே சபலப்பட்டது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்தக் கருவி யாது என்பதை முதலில் காண்போம். எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று தீமைகள் உள்ளன. சைலென்சருக்கு முன்னால், புகைக்குழாயின் நடுவே, தகரக் கூட்டுக்குள் தேனடை போன்ற பீங்கான் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் நுண்ணிய துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டுள்ளன. சுமார் 250 முதல் 300 பாகை வெப்பம் ஏறியதும் இவ்வுலோகங்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. நச்சு வாயுக்கள் அத்துளைகள் வழியே செல்கையில் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. உலோகங்களோ தாம் செலவாவதில்லை. வினையை ஊக்குவிப்பதோடு நின்றுவிடுகின்றன. ஆகையால் இதனை வினையூக்கி மாற்றி என்று தமிழில் அழைக்கிறோம்.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல், அன்று மதராஸ் என வழங்கிய நம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இவ்வுலோகங்களின் மேல் படிந்து அவற்றைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது; 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடெங்கும் ஈயம் ஒழிந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். முடிவு செய்யத் தெரியாமல், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் மாற்றியின் பக்கமே போகவில்லை. "ஐயா, பாலத்தில் ஏறும்போது எஞ்சினின் இரைச்சல் கூடியதா, குறைந்ததா?" என்று கேட்டார். குறைந்தது என்றேன். "கிளட்ச் நழுவினால் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி நகராது. ஆகவே கிளட்ச் அன்று" என்றார். காற்று வடிகட்டியைப் பார்த்தார்; பெட்ரோல் வரும் அழுத்தத்தை அளந்தார்; சக்கரங்களைத் தூக்கி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சுழற்றினார். அவை யாவும் சரியாகவே இருந்தன.

எஞ்சின் ஆறிய பிறகு ரப்பர்ச் சுத்தியலால் மாற்றியின் கூட்டை மெல்லத் தட்டினார். உள்ளே பீங்கான் நொறுங்கியிருந்தால் கிலுகிலுப்பை போல ஒலிக்குமாம். அப்படி ஒலிக்கவில்லை. "ஒலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சோதனைக்குச் சென்றார்.

எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடத்தை அளக்கும் மானி ஒன்றை இணைத்தார். நலமான எஞ்சின் சும்மா ஓடும்போது அம்மானி 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டும். என் வண்டியில் 18 இருந்தது. பின்னர் எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் நிறுத்திப் பிடித்தார். முள் முதலில் 18-க்கு அருகே நின்றது. பிறகு மெல்ல மெல்லச் சரிந்து 11-க்கு வந்தது. இதன் பொருள் யாதெனில், உள்ளே சென்ற மூச்சு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய புகை புதுக் காற்றை வரவிடாமல் தடுக்கிறது.

ஐயம் சிறிதும் எஞ்சாதிருக்க மற்றொரு சோதனையும் செய்தார். மாற்றிக்கு முன்னாலுள்ள ஆக்சிஜன் உணர்வியைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டினார். அதே 2,500 சுற்றில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கலாகாது. மானியோ 8-ஐக் காட்டியது. மானியை எடுத்துவிட்டுத் துளையைத் திறந்தவாறே முடுக்கியபோது எஞ்சின் தடையின்றிச் சீறியது. அடைப்பு இருந்த இடம் உறுதியாயிற்று.

"அப்படியானால் புதியதை வாங்கிவிடலாமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் கூறிய விடையைத்தான் இன்றைய பேச்சின் சாரமாகக் கருதுகிறேன். "ஐயா, இது தானாகச் சாகவில்லை, ஏதோ ஒன்று இதைக் கொன்றிருக்கிறது. கொன்றது எது என்று தெரியாமல் புதியதைப் போட்டால், அதையும் அது கொல்லும்" என்றார்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பிளக்குகள் வெளிர் பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. அதற்குச் செல்லும் மின்கம்பியின் உறை வெடித்திருந்தது. தீப்பொறி பிளக்குக்குச் செல்லாமல் வெடிப்பின் வழியே வெளியே தாவியிருக்கிறது. அந்த அறையில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய்க்குச் சென்று, மாற்றிக்குள்ளே தீப்பற்றியிருக்கிறது. சுமார் 1,400 பாகையை எட்டினால் அந்தப் பீங்கானே உருகிவிடும். கழற்றிய மாற்றிக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். தேனடையின் துளைகளில் பாதிக்கு மேல், வெல்லப்பாகு உறைந்தாற்போல உருகி மூடிக் கிடந்தன.

அப்போதுதான் என் குற்றம் எனக்கு விளங்கிற்று. பல மாதங்களாகக் காலை நேரத்தில் வண்டி உதறிற்று. முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று சிமிட்டியதும் உண்டு. இரண்டு நாளில் அது தானே அணைந்ததால் மறந்துவிட்டேன். சில நூறு ரூபாய்க் கம்பியை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் பல்லாயிரம் ரூபாய்ச் செலவு நேர்ந்திராது. எஞ்சின் விளக்கு சிமிட்டுமானால், அது மாற்றியைக் காப்பாற்றச் சொல்லும் கூக்குரல் என்று நேயர்கள் கொள்ளவேண்டும்.

தீப்பொறி பிசகுவது மட்டுமே காரணம் அன்று. தேய்ந்த எஞ்சினில் எண்ணெய் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதனை மூடும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம் கசிந்து உள்ளே புகுந்தாலும் இதே தீங்கு நேரும். 2015-இலும் 2023-இலும் டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் நாம். கொதிக்கும் மாற்றியோடு தேங்கிய நீரில் இறங்கினால் பீங்கான் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. எங்கள் ஊர் மனைகளில் கோடையில் காய்ந்த புல் மண்டியிருக்கும். சூடான வண்டியை அதன்மேல் நிறுத்துவதும் ஆபத்தே.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மாற்றி கெட்டது என்பார்கள். பெட்ரோலிலுள்ள கந்தகத்தால் வருவது அந்த நாற்றம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. ஆகவே இனி மூக்கை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. "புகைச் சான்றிதழ் இருக்கிறதே" என்று அமைதி கொள்வதும் போதாது. அச்சோதனை எஞ்சின் சும்மா ஓடும்போது நடப்பது. அப்போது செல்லும் புகை குறைவாதலால் அடைப்பு வெளிப்படாமல் போகலாம்.

உளியால் தட்டி எடுக்கும் யோசனைக்கு என்ன விடை? வண்டியின் அமைப்பை அவ்வாறு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கூலி வேண்டாம் என்றவரின் தாராளத்துக்கும் காரணம் உண்டு: அந்தப் பீங்கானில் உள்ள உலோகங்களுக்குப் பழைய பொருட் சந்தையில் நல்ல விலை. மாற்றியை மாற்றுவோர் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் நலம்.

ஆனால் சட்டத்தையும் விலையையும் விட என்னைத் தடுத்தது வேறொன்று. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. என் வண்டி தினமும் நின்று புறப்படும் சந்தில், பள்ளிப் பேருந்துக்காகக் குழந்தைகள் நிற்கிறார்கள். புகைக்குழாயின் வாய் அவர்களுக்கு அருகில் இருக்கிறது. நான் சேமிக்கும் பணத்துக்கு அவர்களுடைய மூச்சு விலையாகலாமா?

முதலில் கம்பியை மாற்றினோம். நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். உதறல் முற்றும் நின்றதா என்று ஒரு வாரம் மெல்ல ஓட்டிப் பார்த்தோம். அதன் பின்னரே புதிய மாற்றி ஏறிற்று. மானியை மீண்டும் மாட்டியபோது முள் 18-ஐ விட்டு அசையவில்லை. மறுநாள் பாடி மேம்பாலத்தில் ஏறினேன். வண்டி முனகாமல் ஏறிற்று.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் கார் மூச்சுத் திணறினால் மாற்றியைச் சோதியுங்கள். அது கெட்டிருந்தால் மாற்றவும் செய்யுங்கள். ஆனால் பணப்பையைத் திறக்குமுன், அதைக் கெடுத்தது எது என்று ஒரு முறை கேளுங்கள். விடை பெரும்பாலும் சிறிய செலவில் முடியும் பழுதாகவே இருக்கும்.