வளவில் நிற்கும் தேசிமரம்

யாழ்ப்பாணத்து வளவுகள் பலவற்றிற் கிணற்றடியை அண்டி ஒரு தேசிமரம் நிற்பதுண்டு. அதன் இலை மஞ்சளித்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளி அடியிற் கொட்டுவாருளர். நோயை அறியுமுன் மருந்திடுவது கேடாய் முடியும்.

முதலில் நோக்கவேண்டியது, மஞ்சளித்தது முதிர்ந்த இலையா, இளந்தளிரா என்பதே. முதிர்ந்த இலை முழுதும் வெளிறின் நைதரசன் குறைவெனலாம். அவ்விலையின் காம்புப்புறம் மட்டும் பச்சையாக எஞ்சினால் மகனீசியம் குறைவு. இளந்தளிர் மஞ்சளித்து, நரம்புகள் மாத்திரம் பச்சை வலைபோலத் தோன்றினால் இரும்புச்சத்துப் போதாது. தளிர் சிறுத்து ஒடுங்கி, நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுக்கள் காணப்படின் நாகச்சத்துக் குறைவு. நீர் தேங்கி வேர் அழுகினும் இலை மஞ்சளிக்கும். அதற்கு வடிகாலே மருந்து.

குடாநாட்டு மண்ணின் கீழே சுண்ணக்கல் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனை எளிதில் உறிஞ்சவியலாது. சாம்பலோ அக்காரத்தன்மையை மேலும் கூட்டும். ஆதலின் மக்கிய எருவிடுதலும், நாகம் முதலிய நுண்சத்துக்களை அளவறிந்து இலைமீது தெளித்தலுமே தக்கன.

பூச்சியின் அடையாளம் வேறு. இலையில் வெள்ளிக்கோடு வளைந்தோடின், அது இலைக்குள் துளைத்துச் செல்லும் சிறுபுழுவின் வழி. வளர்ந்த மரம் அதனைத் தாங்கும். பறவையெச்சம் போல இலைமேற் கிடப்பது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாகலாம். கையாற் பொறுக்கினாற் போதும். எறும்பு ஏறியிறங்க, இலையிற் கரி படிந்திருப்பின், அடிப்புறத்தையும் இளங்கொம்பையும் பார்த்தல் வேண்டும். அங்கே அழுக்கணவனோ செதிற்பூச்சியோ சாறுண்டிருக்கும்.

மருந்து பலித்ததா என்பதைப் பழைய இலையிற் தேடலாகாது. அடுத்து வரும் தளிரின் பசுமையே அதனைக் காட்டும்.