வரைபடத்தின் வெற்றிடம்



நாட்டின் வரைபடத்திலே ஊர்களையும் ஆறுகளையும் குறிப்பது போன்று, உயிரினங்கள் வாழும் இடங்களையும் அறிஞர்கள் குறித்து வருகின்றனர். ஆனால் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். உயிரினமோ ஒளிந்துகொள்ளும், இடம்பெயரும், சில வேளை இரவில் மட்டுமே நடமாடும். ஆகவே, இத்தகைய படத்தில் வெறுமையாய் விடப்பட்ட ஓரிடத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அங்கே அவ்வுயிர் இல்லையென்றா? அன்றி, அங்கே எவரும் தேடவில்லையென்றா? இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனால் விளையும் கேட்டினையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

நம் நாட்டுத் தேவாங்கு ஒன்றின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அங்குள்ள குளிர்ந்த முகிற் காடுகளிலே, அடர்ந்த உரோமமுடைய தேவாங்கு ஒன்று வாழ்வது 1937ஆம் ஆண்டில் அறியப்பட்டது. கொழும்பு மருத்துவக் கல்லூரியிலே உடற்கூற்றியற் பேராசிரியராக விளங்கிய ஒஸ்மன் ஹில், 1942இல் அதனைத் தனியொரு கிளையினமாக விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அது எவர் கண்ணிலும் படாமையால், அழிந்தொழிந்தது என்றே கருதப்பட்டது. 2002இல் மீண்டும் தென்பட்டது. 2010இல் அதன் நிழற்படங்கள் வெளியாயின. அத்தனை காலமும் தேவாங்கு காட்டிலேதான் இருந்தது. நம் ஏடுகளில்தான் இல்லாதிருந்தது.

இதில் வியப்பில்லை. தேவாங்கு சிறியது, இரவிலே, ஓசையின்றி, கிளைவிட்டுக் கிளை மெல்ல நகர்வது. கைவிளக்கின் ஒளிபட்டு அதன் கண்கள் மின்னினாலன்றி அதனைக் காண்டல் அரிது. பனிமூட்டம் கவிந்தால் அதுவும் வாய்க்காது. ஓர் இரவு தேடினால் அதனைக் காணும் வாய்ப்பு பத்தில் ஒன்று எனக் கொள்வோம். அவ்வாறாயின், பத்து இரவுகள் தேடியும் காணாமல் திரும்பும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 35 ஆகும். பத்து இரவு விழித்தவர் 'இல்லை' என்று சொன்னாலும் அச்சொல் முடிந்த முடிபன்று. மேலும், தேடுவோர் பெரும்பாலும் பாதையோரமாகவே செல்வர். அதனால் விலங்குகளின் படம் என்று நாம் கருதுவது, சில வேளை மனிதர் நடந்த பாதைகளின் படமாகவே அமைந்துவிடுகின்றது.

இதற்கு மாறான தவறும் உண்டு. மலைநாட்டுக் காடுகள் கோப்பி, தேயிலைப் பயிர்ச்செய்கையினால் துண்டுதுண்டாயின. எஞ்சிய சில துண்டுகளிலே வாழும் உயிருக்கு மலைநாடு முழுவதையும் வண்ணந்தீட்டிக் காட்டினால், அது செழித்து வாழ்கின்றது என மயங்குவோம். வெற்றிடத்தைக் கண்டு 'ஒன்றுமில்லை, வெட்டலாம்' என்பாரும், வண்ணத்தைக் கண்டு 'நிறைய உண்டு, கவலை வேண்டாம்' என்பாரும் ஈற்றில் ஒரே காட்டைத்தான் இழக்கின்றனர்.

ஆதலால் நேர்மையான படத்துக்கு மூன்று குறிகள் வேண்டும்: கண்ட இடம், தேடியும் காணாத இடம், தேடாத இடம். கண்ட இடத்துக்கு ஆண்டினையும், காணாத இடத்துக்கு எத்தனை இரவு தேடினோம் என்பதையும் அருகே எழுதுதல் வேண்டும். காட்டை வெட்டுவதா காப்பதா என முடிவு செய்வோர் முன்னே வைக்கவேண்டியது அத்தகைய படமே. தேடாத இடத்தை வெற்றிடமென்று எண்ணி வெட்டிவிட்டால், பின்னர் தேடிப் பார்ப்பதற்கு அங்கே காடே இராது.