பெயரோடு வந்த மகிழ்ச்சி

பிறந்தபொழுது பெண்ணெனப் பதியப்பெற்று, தம்மை ஆணென உணர்ந்து அவ்வாறே வாழ்வோரைத் திருநம்பியர் என்கின்றோம். அவர்தம் துன்பங்களைப் பேசுவோர் பலர். மகிழ்ச்சியைப் பேசுவோர் அரியர். நோய் நீங்குதல் வேறு. நீங்கியபின் பசித்து உண்ணும் இன்பம் வேறு. இரண்டாவதைப் பற்றியே இன்று சில கூற விழைகின்றேன்.

1915இல் இலண்டனிற் பிறந்த மைக்கல் டிலன் ஒக்ஸ்போர்ட்டிற் கற்றவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே பிறிஸ்டல் நகரில் ஒரு மோட்டார் கராச்சில் வேலை செய்தார். ஆண் ஓமோன் மாத்திரைகளை உட்கொண்டமையால் தாடி அரும்பிற்று; குரல் தடித்தது. வாடிக்கையாளர் குழம்பாதிருக்கும்பொருட்டு, டிலனை ஆண்பாலிலேயே சுட்டவேண்டுமென்று மேலாளர் ஏனைய தொழிலாளருக்குக் கட்டளையிட்டார். வியாபார நோக்கே அது, பரிவன்று. ஆயினும் கேட்ட செவிக்கு அது தேனாயிருந்திருக்கும். ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் ஒன்றே பால் காட்டும். தமிழிலோ வந்தான், வந்தாள் என வினைமுற்றுத்தோறும் பால் ஒலிக்கின்றது. காலையில் இடாப்புக் கூப்பிடும் ஆசிரியர் அறிவர், தன் பெயர் பிழையின்றி ஒலிக்கக் கேட்ட பிள்ளையின் முகமலர்ச்சியை. ஆண்டுக்கணக்காய்ப் பிழையாகவே அழைக்கப்பெற்றவருக்கு அம்மலர்ச்சி எத்துணை பெரிது!

1944இல் அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் திருத்தப்பெற்றது. (இலங்கையிலும் 2016 முதல் இதற்கு வழியுண்டு.) பின்னர் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். ஒக்ஸ்போர்ட்டில் பெண்கள் அணியிலே துடுப்பு வலித்தவர், அங்கே ஆண்கள் அணியில் வலித்தார். உடலை ஒளித்தே வாழ்ந்த ஒருவர் அவ்வுடலின் வலிமையைத் தோழரோடு கூடி வெயிலிற் காட்டிய நாட்கள் அவை. காதலை, இரகசியம் வெளிப்படுமென அஞ்சி, அவர் பெரும்பாலும் விலக்கியே வைத்தார்.

பட்டம் பெற்றுக் கப்பல் வைத்தியரானார். பிரபுக்களின் வமிசம் கூறும் நூல்களுள் ஒன்று அவரைத் தம்பி என்றது. மற்றொன்று தங்கை என்றது. இம்முரண்பாட்டைப் பற்றிக்கொண்டு 1958இற் பத்திரிகைகள் அவரை ஊரறியச் செய்தன. அவர் இந்தியா சென்றார், பௌத்தரானார், 1960இல் லடாக்கின் ரிசோங் மடத்தில் இளந்துறவியாயினார். பிரபுவின் தம்பி, தம் வயதிற் பாதியும் நிரம்பாச் சிறுவரோடு அடுக்களை வேலை செய்தார். அங்குற்ற நிறைவை ஒரு நூலாகவே எழுதினார். அனுமதிக் காலம் முடிந்து வெளியேறியபின்னும் அம்மடத்துக்கு மீளவே விரும்பினார்.

1962 மே மாதத்தில் டல்ஹௌசியிற் காலமானார். அவர் எழுதிவைத்த தன்வரலாறு அரை நூற்றாண்டுக்குமேல் கழிந்தபின்னரே அச்சேறிற்று. அதன் முகப்பில் ஆசிரியர் பெயராக இரண்டு உள்ளன: மைக்கல் டிலன், லொப்சங் ஜீவகர். இரண்டும் அவரே விரும்பி ஏற்றவை.