விமர்சனம் யாருக்கு?



சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கச் செல்லும் பனியன் தொழிலாளிக்குத் திரை விமர்சனம் பயன்படுகிறதா?

1954-இல் வெளிவந்த 'அந்த நாள்', பாடல்களே இல்லாத படம். விமர்சகர்கள் பாராட்டினர்; கூட்டம் வரவில்லை. 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்திற்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் வழங்கியது. அந்த எண் நினைவில் நிற்கிறது. சொன்ன காரணங்களை நினைவுகூர்வோர் சிலரே.

நம் ஊர்ச் செக்கிங் பெண்கள் பழுதான பனியனை வெறுமனே ஒதுக்குவதில்லை. ஓட்டை எங்கே, கறை எங்கே என்று ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுகிறார்கள். விமர்சகரின் கடமையும் அதுவே. டிக்கெட் வாங்குவதை ரசிகரின் ஆவல் தீர்மானிக்கட்டும். படம் பார்த்தபின், 'இது ஏன் என்னைத் தொட்டது?' என்று அவருள் எழும் கேள்விக்குச் சொல் தருவதே விமர்சனத்தின் பயன். அச்சொல்லைப் பனியன் கம்பெனி வாசலிலும் விளங்கும் தமிழில் எழுதுவோம்.