சிவப்பு எழுத்தைக் கண்டு அஞ்சலாமா?

(கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கணினி நிரல் எழுதக் கற்போர் இன்று இளையர் மட்டும் அல்லர். சிங்கப்பூரில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2016இல் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கற்றல் நிதி கிடைத்தது. 2024 மே மாதத்தில் 40 வயதை எட்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி வழங்கப்பட்டது. ஆகவே, இருபது ஆண்டுகள் கணக்கெழுதிய அம்மையாரும், ஆட்குறைப்பில் வேலை இழந்த குடும்பத் தலைவரும், தம் பிள்ளைகளின் வயதினரோடு அமர்ந்து பைத்தான் மொழி பயில்கிறார்கள். கட்டணத்திற்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் மூன்றாவது வாரத்தில், “நமக்கெல்லாம் இது வராது சார்” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கணக்குப் பாடம் நடத்திய என் காதுக்கு இது பழகிய வாசகம்.

இந்த ஐயம் எங்கிருந்து வருகிறது? பள்ளியில் சிவப்பு மை என்றால் மதிப்பெண் போயிற்று என்று பொருள். பைத்தானுடன் வரும் ஐடில் என்னும் தளத்திலும் பிழைச் செய்தி சிவப்பு எழுத்தில்தான் தோன்றும். அதைக் கண்டதும் 45 வயதுக்காரர் மீண்டும் பத்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. வயதைக் கேட்டு, அதனுடன் ஒன்றைக் கூட்டச் சொல்லி நிரல் எழுதுகிறோம். 45 என்று தட்டினால் 46 வரவேண்டும் அல்லவா? வருவது பிழைச் செய்தி! காரணம், விசைப்பலகையில் தட்டியதைப் பைத்தான் எண்ணாகக் கொள்வதில்லை, எழுத்தாகவே கொள்கிறது. எழுத்தோடு எண்ணைக் கூட்ட அது மறுக்கிறது. இப்படித் தட்டிய 4ஐயும் 5ஐயும் கூட்டினாலோ 9 வராது, 45 வரும். இதை எண்ணாக மாற்று என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. இதில் அறிவுக்குறைவு எங்கே இருக்கிறது? யாராவது சொல்லும்வரை எவருக்கும் தெரியாத ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரி என்ன பிழை என்று கூறும். அதற்கு மேலே எத்தனையாவது வரி என்ற குறிப்பு இருக்கும். 2021இல் வந்த பைத்தான் 3.10 முதல், முக்காற்புள்ளி விடுபட்டால் அதையே எடுத்துச் சொல்கிறது. முதல் வரியைப் பார்த்தவுடன் திரையை மூடிவிடுபவர்கள் இந்த உதவியைப் பெறாமலே போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்திலேயே அதைத் தீர்த்த விதத்தையும் குறித்து வந்தார். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அதே ஏழெட்டுச் செய்திகள்தாம் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அன்றோடு அவருடைய பயம் பாதி போய்விட்டது.

மேதைகளுக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை உருவாக்கிய மோரிஸ் வில்க்ஸ், 1949இல் 126 வரி கொண்ட ஒரு நிரலை எழுதினார். அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று அப்போது தமக்குத் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். 1967இல் டூரிங் விருது பெற்றவரும் அவரே. அதே கேம்பிரிட்ஜில் கணினியியலும் பயின்ற திரு. லீ சியன் லூங், பிரதமராக இருந்தபோது, 2015இல், சுடோக்கு புதிரைத் தீர்க்கத் தாம் எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலைப் பொதுவில் வெளியிட்டார். பிழை கண்டால் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். நாட்டின் பிரதமரே கேட்கலாம் என்றால் நம் வீட்டு அம்மாவும் கேட்கலாம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்பார் சிலர். அது எழுதுவதிலும் பிழை வருகிறது. படித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா சந்தேகம் கேட்டால், விசைப்பலகையைப் பிடுங்கி நீங்களே தட்டிக் கொடுத்துவிடாதீர்கள். “கடைசி வரியில் என்ன இருக்கிறது, படியுங்கள் அம்மா” என்று சொல்லிப் பக்கத்தில் காத்திருங்கள். அந்த இரண்டு நிமிடம் உங்களுக்குப் பெரும் சோதனையாகத்தான் இருக்கும்!

நன்கொடையாளர்களே, நீங்கள் வாரிக் கொடுக்கும் நிதியோடு இன்னொன்றையும் கேட்கிறேன். நிரல் எழுதத் தெரிந்த மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருந்தால், மூன்றாவது வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பவர் ஒருவர் அருகில் வந்து உட்காரச் சொல்லுங்கள். பெயர் கொடுப்போருக்காக வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம்.