நடைக் கூட்டம் பிரிகிறபோது

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் நடைத் திருயாத்திரைக் கூட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி மேடையிலே நம் ஊரின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளில் வடகோடியில் இருப்பது நம் வேம்பார் என்றும், நம் கருப்பட்டிக்கு எட்டு ஊரிலே கிராக்கி என்றும் எனக்கு முன்னே பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "வேளாங்கண்ணி நடைப்பயணமும் நம் பக்தியும்". பங்குச் சாமியிடம் நேற்றே அனுமதி வாங்கிக்கொண்டேன், தலைப்பைக் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன் என்று. நம் நடைக் கூட்டம் உடைந்துபோன கதை ஊரிலே எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளுக்கொரு விதமாகத் தெரியும். அதைப் பேசாமல் பக்தியைப் பற்றி மட்டும் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களே உள்ளுக்குள் சிரிப்பீர்கள்.

நாங்கள் முதலில் புறப்பட்டது நாற்பது வருடங்களுக்கு முன்னே. பதினோரு பேர். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை இன்று இருக்கிற மாதிரி இல்லை. நரிப்பையூர், சாயல்குடி, கீழக்கரை, திருப்புல்லாணி, இராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, அப்புறம் மாதாவின் காலடி. இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேலே. ஒன்பது நாள், மழை பெய்தால் பத்து நாள். ஆகஸ்டு 29இல் அங்கே கொடியேறும், செப்டம்பர் 8 திருநாள். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

எங்களை நடத்திப் போனவர் ஒரு சங்குகுளி அண்ணாச்சி. மூச்சடக்கித் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்தவர், ஆகவே அவசரப்படுவது அவருக்குப் பிடிக்காது. அவர் வைத்த சட்டம் இரண்டுதான். மெதுவாக நடக்கிறவன் முன்னாலே போக வேண்டும். இரவு படுக்கும்முன் தலை எண்ண வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்புவார். வெயில் ஏறுமுன் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. காலில் நீர்க்கொப்புளம் வந்தால் ஊசியில் நூலைக் கோத்துக் குத்தி, நூலைக் கொப்புளத்துக்குள்ளேயே விட்டுவிடுவார், நீர் தானாக வடியும். இப்போது டாக்டர்கள் அப்படிச் செய்யக் கூடாது, நூல் வழியாகச் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். அவர் கையிலே எங்களில் யாருக்கும் சீழ் பிடித்ததில்லை. ஆனாலும் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய், களைப்புக்குச் சுக்கும் கருப்பட்டியும். கீழக்கரையிலும் தொண்டியிலும் இஸ்லாமியச் சகோதரர்கள் வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் வைத்திருப்பார்கள். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்கு வந்தவர்கள் எங்கள் சப்பர வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சில வருடம் வழியை விட்டுச் சற்று உள்ளே ஒதுங்கி, 1693இல் புனித அருளானந்தர் தலை கொடுத்த ஓரியூரிலே அந்தச் செம்மண்ணில் ஒரு இரவு தங்குவோம்.

ஒன்பது நாள் ஒருவனோடு நடந்து பாருங்கள். அவன் குறட்டையும் தெரியும், கடனும் தெரியும், மனைவியிடம் சொல்லாத சங்கதியும் தெரியும். சொந்த அண்ணன் தம்பியிடம் பேசாதவர்கள் நடையிலே பேசுவார்கள். அமெரிக்காவிலே அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று இருக்கிறதாம், மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், மலை மலையாக. அதில் மாதக்கணக்காக நடக்கிறவர்கள் வழியில் சேர்ந்த கூட்டத்தைப் "பாதைக் குடும்பம்" என்றே சொல்கிறார்கள் என்று கப்பலில் வேலை பார்க்கும் என் மருமகன் சொன்னான். நம் பக்கத்து மூக்கையூரிலே கோயில் கொண்டிருக்கிற சந்தியாகப்பரின் கல்லறையைத் தேடி ஸ்பெயின் நாட்டுக் கொம்போஸ்தெலாவுக்கு நடக்கிறவர்களும் அப்படித்தானாம். அங்கே நடந்து வந்ததற்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டராவது கால்நடையாக வந்திருக்க வேண்டும். நமக்குச் சான்றிதழ் கிடையாது. கால் வெடிப்புத்தான்.

சரி, உடைந்த கதைக்கு வருகிறேன்.

2020இலும் 2021இலும் கொரோனாவினால் வேளாங்கண்ணித் திருநாளுக்கு யாத்திரிகர்களை விடவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அண்ணாச்சியின் முழங்கால் போய்விட்டது. 2022இல் அவர் இல்லாமல் புறப்பட்டோம். நாற்பத்து மூன்று பேர். பாதிப்பேர் புதுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் நடக்கத் தெம்பு இருக்கிறது, நடந்த தூரத்தைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது. எங்களுக்கு முப்பதே மலை. சாமான் ஏற்ற ஒரு வேனும் கூட வந்தது. நடக்க முடியாதவர்கள் ஏறிக்கொள்ளட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் ஏற்பாடு செய்தோம். தொண்டிக்கு அப்புறம் மூன்று கூட்டமாகிப் போனோம்: முன்னே போகிற பிள்ளைகள், பின்னே வருகிற நாங்கள், வேனில் இருப்பவர்கள்.

கட்டுமாவடிக்கு முந்தின இரவு, எங்களோடு வந்த பெரியம்மா ஒருவர் காணாமல் போனார். பின்னால் வருகிறார் என்று முன்னே போனவர்கள் நினைத்தார்கள். வேனில் ஏறிவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். வேன்காரத் தம்பி, நடக்கிறார்கள் என்று நினைத்தான். இருட்டிலே லாரிகள் உறுமிக்கொண்டு போகிற சாலை. பெரியம்மாவிடம் கைப்பேசியும் கிடையாது. அன்று தலை எண்ண வேண்டியவன் யார்? அண்ணாச்சி புறப்படும்போது கணக்குப் புத்தகத்தையும் தலைக்கணக்கையும் என் கையில்தான் கொடுத்தார். நான் கால்வலியில் படுத்துத் தூங்கிவிட்டேன். இதை இதுவரை மேடையில் சொன்னதில்லை, இன்று சொல்லிவிட்டேன்.

விடிந்த பிறகு, சாலையோரத்து டீக்கடைக்காரர் வீட்டிலே அவரைக் கண்டுபிடித்தோம். அந்த இஸ்லாமியக் குடும்பத்து அம்மா பாய் விரித்துப் படுக்க வைத்து, கஞ்சியும் கொடுத்திருந்தார். பெரியம்மா எங்களைப் பார்த்து, "என்ன மக்கா, என்னை மறந்துட்டியளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம்.

அப்புறம் நடந்ததுதான் நமக்கே வெட்கம். முத்துப்பேட்டையிலே உட்கார்ந்து யார் குற்றம் என்று பேசினோம். இளைஞர்கள் பெரியவர்களைக் குறை சொன்னார்கள், பெரியவர்கள் வேனைக் குறை சொன்னார்கள். ஒரு தம்பி, "வேனுக்கு வாங்கின பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கோ கோபம். புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டு, "இனிமேல் உங்கள் கூட்டம் வேறே, எங்கள் கூட்டம் வேறே" என்றேன். மாதாவின் கோயிலுக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைந்தோம். ஊருக்குத் திரும்பினதும் இரண்டு பஸ்.

அதற்கப்புறம் ஒரு வருடம் நான் பேசாமல் இருந்தேன். அந்த வருடத்தில்தான், படிக்கிற பழக்கமில்லாத நான், நம் கரைக்கு வந்த புனித சவேரியாரின் வரலாற்றைப் படித்தேன். அவரைக் கடல் கடந்து வந்தவர் என்றே நினைத்திருக்கிறோம். அவர் முதலில் ஒரு நடைக் கூட்டத்துக்காரர்! 1534 ஆகஸ்டு 15இல் பாரிஸ் நகரத்து மோன்மார்த்தர் குன்றிலே ஏழு நண்பர்கள், எருசலேம் போவோம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 1536 நவம்பரில் சவேரியாரும் இன்னும் எட்டுப் பேரும் பாரிசிலிருந்து வெனிஸ் நகரத்துக்கு நடந்தார்கள். பிரெஞ்சு ராஜாவுக்கும் சக்கரவர்த்திக்கும் யுத்தம், நேர் வழியில் போக முடியாது. லொரேன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று சுற்றி, மழையிலும் பனியிலும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து 1537 ஜனவரி 8இல் போய்ச் சேர்ந்தார்கள். இஞ்ஞாசியார் அங்கே காத்திருந்தார். அந்த நடையில் சவேரியார் தபசுக்காகக் கால்களில் கயிற்றை இறுக்கிக் கட்டி, அது சதைக்குள் போய் நடக்க முடியாமல் விழுந்ததாகவும், நண்பர்கள் அவருக்காக நின்றதாகவும் பழைய வரலாறுகள் சொல்லும். எங்கள் அண்ணாச்சி அங்கே இருந்திருந்தால் கயிற்றை அவிழ்த்துத் திட்டியிருப்பார்.

எருசலேமுக்குக் கப்பல் கிடைக்கவில்லை, வெனிசுக்கும் துருக்கியருக்கும் சண்டை. 1539இல் ரோமாபுரியில் இருந்தபோது இன்னொரு சங்கடம் வந்தது. பாப்பரசர் அவர்களை ஆளுக்கொரு திசையாக அனுப்பப் போகிறார். அப்போது அவர்கள் தங்களுக்குள்ளே கேட்டுக்கொண்ட கேள்வி இது: நாம் பிரிந்து போகப் போகிறோமே, ஆளுக்கு ஆள் சம்பந்தமில்லாமல் போய்விடுவதா, அல்லது எங்கே இருந்தாலும் ஒரே உடலாக இருப்பதா? பகலெல்லாம் வழக்கமான ஊழியம், இரவில் கூடிப் பேச்சு. பிற்பாடு, யாருக்காவது கீழ்ப்படிவதா என்ற கேள்வி வந்தபோது, ஒரு நாள் வேண்டாம் என்பதற்கான காரணங்களை மட்டும் எல்லோரும் சொன்னார்கள், மறுநாள் வேண்டும் என்பதற்கான காரணங்களை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். யாரும் யாரையும் மறித்து வாதாடவில்லை. வாரக்கணக்கில் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சேசு சபை.

மறு வருடம், 1540 மார்ச்சில், வேறொருவர் நோய்ப்பட்டதனால் ஓரிரு நாள் அவகாசத்தில் சவேரியார் புறப்பட்டார். இஞ்ஞாசியாரை அவர் மறுபடி பார்க்கவேயில்லை. 1542இல் நம் கடற்கரைக்கு வந்தார். 1546இல் கிழக்கே அம்போயினாத் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒன்று சொல்கிறார். நண்பர்கள் தங்கள் கையாலே எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய பெயர்களை மட்டும் வெட்டி எடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டிருக்கிறாராம். வெயிலில் மணலில் நடந்த அந்த மனிதர் கூட நடந்தவர்களின் கையெழுத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

புனித சின்னப்பரும் பர்னபாவும்கூடப் பிரிந்தவர்கள்தானே. வழியிலே விட்டுப் போன மாற்குவை மறுபடியும் கூட்டிப் போவதா வேண்டாமா என்று கடும் சண்டை. ஒருவர் சைப்பிரசுக்குப் போனார், மற்றவர் சீலாவை அழைத்துக்கொண்டு சிரியாப் பக்கம் போனார். அப்போஸ்தலர் பணியில் அது மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து சின்னப்பர் அதே மாற்குவைத்தான் அழைத்துவரச் சொல்கிறார்.

போன தபசுகாலத்தில் மூன்று ஞாயிறு சாயங்காலம் நாங்கள் கடற்கரையில் வள்ளத்தருகே உட்கார்ந்தோம். அண்ணாச்சியை நாற்காலியில் தூக்கி வந்து வைத்தோம். முதல் ஞாயிறு, பிரிவதற்கான காரணங்கள் மட்டும். இரண்டாம் ஞாயிறு, சேருவதற்கான காரணங்கள் மட்டும். நேர்மையாகச் சொன்னால் முதல் ஞாயிறுதான் நீண்டது. நாற்பது கிலோமீட்டர் நடக்கிற காலும் இருபத்தைந்து நடக்கிற காலும் ஒரே கயிற்றில் கட்டுண்டு போக முடியாது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. மெதுவாக நடக்கிறவன் முன்னாலே என்ற சட்டம் பதினோரு பேருக்கு நல்ல சட்டம், நாற்பத்து மூன்று பேருக்கு அது நடக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அண்ணாச்சி கேட்டார்: "ஏலே, ரெண்டு கூட்டமாப் போங்க. ஆனா தலை எண்ணுறது யாரு?" யாரும் பேசவில்லை. பிறகு, கணக்குக் கேட்ட அதே தம்பிதான், "இந்தக் கூட்டத்து ஆள் அந்தக் கூட்டத்தை எண்ணட்டும், அந்தக் கூட்டத்து ஆள் இதை எண்ணட்டும்" என்றான். எனக்குத் தோன்றாத யோசனை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனும் கேட்டான். எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இந்தப் பந்தலிலும் இருக்கிறார். மச்சான், நான் காத்திருக்கிறேன்.

ஆகவே இந்த வருடம் பெரியவர்கள் கூட்டம் இரண்டு நாள் முன்னதாகப் புறப்படும். இளைஞர் கூட்டம் கொடியோடு பின்னாலே வரும். சப்பர வண்டி எங்களிடம். வேன் எங்களோடு வரும், வேனில் ஏறுகிறவர் பெயரை வேன்காரத் தம்பி எழுதிக்கொள்வான். ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு இரண்டு கூட்டத்துத் தலைக்கணக்கையும் போனில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டியில் ஒன்றுசேர்ந்து, கடைசி நடையை ஒன்றாக நடந்து, ஒரே வாசலில் நுழைவது என்று பேச்சு. கட்டுமாவடிப் பக்கம் அந்த டீக்கடைக்காரர் வீட்டுக்கு இரண்டு கூட்டமும் ஆளுக்கு ஒரு கொட்டான் கருப்பட்டி கொண்டுபோக வேண்டும். பெரியம்மா வருகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறார், எங்கள் கூட்டத்தில் அல்ல, இளைஞர் கூட்டத்தில்! அவர்கள்தான் வேகமாகக் கூட்டிப் போவார்களாம்.

கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் வைத்திருப்பேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆகஸ்டு 15 திருநாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.