டிமாக் ஊரின் தண்ணீர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்று விலகி, அமெரிக்காவில் உள்ள ஒரு சிற்றூருக்கு நேர்ந்ததை எடுத்துரைக்க முன்வந்துள்ளோம். கடல் கடந்த ஊரின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் நாட்டின் கெயில் நிறுவனம் மேரிலாந்து மாநிலத்தின் கோவ் பாயிண்ட் துறையிலிருந்து ஆண்டுதோறும் 23 இலட்சம் டன் அளவுக்குக் குளிர்வித்த எரிவாயு பெறுவதற்கு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. 2018 முதல் அமெரிக்க வாயு கப்பலேறி நம் கரைக்கு வரலாயிற்று. அது நேரே நம் காலனியின் அடுப்புக்குத்தான் வருகிறது என்று சொல்ல வரவில்லை. உரத் தொழிற்சாலைக்கும் மின் நிலையத்துக்கும் போகலாம். ஆயினும் அந்தத் துறைக்கு வாயு வரும் நிலப்பரப்பின் நடுவே, நாம் சொல்லப்போகும் ஊர் இருக்கிறது.

ஊரின் பெயர் டிமாக். பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கில், சஸ்குவெஹன்னா மாவட்டத்தில் உள்ளது. 'முடிவிலா மலைகள்' என்று அப்பகுதிக்கு ஒரு பெயர் வழங்குகிறது. நம் நீலகிரியைப் பார்த்த கண்ணுக்கு அவை குன்றுகளே. ஊரில் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் வாழ்கின்றனர். பால்மாடு வளர்த்தலும், நீலக்கல் எனப்படும் தளக்கல்லை வெட்டி எடுத்தலும் பழைய தொழில்கள். தெருக்குழாய் என்பது அங்கு இல்லை. வீட்டுக்கு வீடு ஆழ்குழாய்க் கிணறு. அதில் ஒரு மின் மோட்டார். குடிப்பதும் குளிப்பதும் கன்றுக்குக் காட்டுவதும் அந்த நீரே. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அம்மண்ணுக்குக் கீழே ஒரு மைலுக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருமையான களிப்பாறை ஒன்று படிந்துள்ளது. ஷேல் என்று அதனைச் சொல்கின்றனர். ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது. நியூயார்க் மாநிலத்தில் மார்செல்லஸ் என்னும் சிற்றூரில் அப்பாறை வெளியே தலைகாட்டுவதால் மார்செல்லஸ் ஷேல் எனப் பெயர் பெற்றது. களிப்பாறையில் வாயு உண்டு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1821-ஆம் ஆண்டிலேயே, அதே நியூயார்க் மாநிலத்தின் பிரடோனியா ஊரில், வில்லியம் ஹார்ட் என்பவர் ஆழமில்லாத துளையொன்று இட்டு, வந்த வாயுவைக் கொண்டு விளக்கெரித்தார். வாயு இருந்தும் எடுக்க இயலாமையே தடையாக இருந்தது. களிப்பாறை வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையது. டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனத்தார் 1990-களின் இறுதியில் பார்னெட் பாறையில் இதற்கு வழி கண்டனர். பென்சில்வேனியாவின் தென்மேற்கே ரேஞ்ச் ரிசோர்சஸ் நிறுவனம் 2004-இல் அவ்வழியை மார்செல்லஸ் பாறையிலும் கையாண்டு வென்றது.

முறை இதுதான். முதலில் செங்குத்தாக ஆழம்வரை துளையிட்டு, பாறையை அடைந்ததும் துளையைப் படிப்படியாக வளைத்துக் கிடைமட்டமாக ஒரு மைலுக்குக் குறையாமல் கொண்டு செல்வர். துளைக்குள் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்டுக் குழம்பைச் செலுத்தி அடைப்பர். பின்னர்ப் பல இலட்சம் காலன் நீரை, மணலும் சிறிதளவு இரசாயனமும் கலந்து, பேரழுத்தத்துடன் உட்செலுத்துவர். பாறை விரியும், விரிசல் மூடாதபடி மணல் தாங்கி நிற்கும், வாயு வெளிவரும். வாயுவுடன் நீரில் ஒரு பகுதியும் மீண்டு வரும். அது பாறையின் உப்பையும் பேரியத்தையும் ரேடியத்தையும் கரைத்துக்கொண்டு வருவதால் கடல் நீரினும் உவர்ப்பாக இருக்கும். ஒரு கிணற்றின் வேலைக்கு லாரிகள் ஏறத்தாழ ஆயிரம் முறை போய்வர வேண்டும். மாட்டு வண்டிப் பாதையை அகலப்படுத்தியது போன்ற ஊர்ச் சாலைகள் என்ன ஆகும் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை.

டிமாக் ஊருக்குக் குத்தகை முகவர்கள் 2006-ஆம் ஆண்டளவில் வந்தனர். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கு நிலத்துக்காரன் மேல்மண்ணோடு அடியில் உள்ள கனியையும் உடையவனாக இருக்கலாம். அடியுரிமையை முந்தைய தலைமுறை விற்றுவிட்டிருந்தால் அதுவும் இல்லை. உரிமை உள்ளவர்களிடம் முகவர்கள் ஏக்கருக்கு 25 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கினர். வாயு கிடைத்தால் விலையில் எட்டில் ஒரு பங்கு. எட்டில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்பது 1979-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். இரண்டே ஆண்டில் அப்பகுதியில் ஏக்கர்க் குத்தகை ஆயிரக்கணக்கான டாலராக உயர்ந்தது. முன்னே கையெழுத்திட்டவர் வேலியின் இப்புறமும், பின்னே இட்டவர் அப்புறமும் நின்றனர். அண்டைவீட்டார் மனம் கசக்கத் தண்ணீர் கெடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

அவர்களை ஏமாளிகள் என்று எவரேனும் கருதுவாராயின் அது தவறு. பால் விலை கொள்முதலுக்குக் கட்டாத நிலை நெடுநாளாக இருந்தது. 2009-இல் அது மேலும் வீழ்ந்தது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டனர். வேலையை நாடி ஊரை விட்டு வந்த நாம், பிழைப்பில்லாத ஊரின் துயரை அறியாதவர்களல்லோம். மேய்ச்சல் நிலத்தை விற்காமல் காக்க ஒரு வழி கிடைத்தது என்றே பலர் எண்ணினர். எண்ணியபடி சிலர்க்கு நடக்கவும் செய்தது. கடன் தீர்ந்தது, கொட்டகைக்குக் கூரை மாறியது. ஆனால் எட்டில் ஒரு பங்கு என்று நினைத்தது எட்டில் ஒரு பங்காகவே வந்து சேரவில்லை. வாயுவைச் சேர்த்து அழுத்தி அனுப்பும் செலவைக் கழித்துக்கொண்டு கணக்கிடலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

இனித் தண்ணீருக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, கார்ட்டர் சாலையில் ஒரு மூதாட்டியின் தண்ணீர்க் கிணறு வெடித்தது. கிணற்றை மூடியிருந்த கனத்த கான்கிரீட் பலகை உடைந்து சிதறிற்று. அவர் வீட்டில் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. கிணற்றில் மீத்தேன் சேர்ந்திருந்தது. மோட்டாரின் பொறி பட்டு வெடித்திருக்கக் கூடும் என்பர். இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் அடுப்பு வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் எழுகிறதே, அது வாயுவின் இயல்பு அன்று. கசிவை அறியும்பொருட்டுப் பின்னர்ச் சேர்க்கப்படுவது. மீத்தேனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கிணற்றடியில் அது தேங்கி நின்றால் வீட்டார் அறிய வழி ஏது?

மாநிலச் சூழல் துறை ஆராய்ந்தது. காபட் ஆயில் அண்ட் கேஸ் நிறுவனம் தோண்டிய சில கிணறுகளில் குழாயும் சிமென்டும் செம்மையாக அமையாமையால், இடைப்பட்ட ஆழத்தில் உள்ள வாயு அவ்வழியே ஏறி ஊர் நீரில் கலந்தது என்று முடிவு கூறிற்று. இதனைக் கவனிக்க வேண்டும். ஒரு மைல் ஆழத்தில் பாறை உடைந்ததால் நீர் கெட்டது என்று பலரும் பேசுகின்றனர். அத்துறை சுட்டியது துளையின் மேற்பகுதியைத்தான். மறைந்திருக்கும் சுவரின் பூச்சு வேலை சரியாக இருந்ததா என்பதே கேள்வி.

நிறுவனத்தின் மறுமொழியும் இருந்தது. அம்மாவட்டத்தில் வாயு இயற்கையாகவே நீரில் உண்டு என்றது. அது முற்றும் பொய்யுமன்று. மாவட்டத் தலைநகரான மான்ட்ரோஸுக்கு அருகே சால்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில் ஊற்றுநீரில் மீத்தேன் குமிழியிடுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. டியூக் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இரு தரப்பாரையும் முழுதும் மகிழ்விக்கவில்லை. வாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த தண்ணீர்க் கிணறுகளில் மீத்தேன் சராசரியாக 17 மடங்கு மிகுதியாக இருந்தது. உட்செலுத்திய இரசாயன நீர் கலந்ததற்கு அடையாளம் காணப்படவில்லை. தோண்டுவதற்கு முன்னரே ஒவ்வொரு கிணற்று நீரையும் சோதித்து எழுதி வைத்திருந்தால், எத்தனையோ வழக்கு எழுந்திராது. அதைச் செய்யாமல் விட்டதே பெரும்பிழை என்பது நம் கருத்து.

2010-இல் ஜோஷ் பாக்ஸ் எடுத்த 'கேஸ்லாண்ட்' திரைப்படம் டிமாக் ஊரை உலகறியச் செய்தது. உலகம் அறிந்ததால் ஊர் இரண்டுபட்டது. தண்ணீர் கெட்டவர் ஒருபுறம். ஊரின் பெயர் கெடுகிறது, நிலத்தின் மதிப்புக் குறைகிறது என்று வருந்தியவர் மறுபுறம். மான்ட்ரோஸிலிருந்து குழாய் போட்டு நீர் கொண்டுவர 1 கோடியே 18 இலட்சம் டாலர் திட்டம் ஒன்றை மாநில அரசாங்கம் அவ்வாண்டே அறிவித்தபோது, அதனை எதிர்த்தவர்களுள் அவ்வூராரும் பலர். திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக 19 குடும்பங்களுக்கு 41 இலட்சம் டாலர் என்று நிறுவனத்துடன் உடன்பாடாயிற்று. 2011 நவம்பர் இறுதியில் நிறுவனம் வண்டியில் நீர் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதற்கு மாநிலத் துறையின் இசைவும் இருந்தது. குளிர் தொடங்கும் பருவத்தில் அயலூர்த் தொண்டர்கள் நீர் கொண்டுவந்து கொடுத்தனர்.

மத்திய அரசாங்கத்தின் சூழல் காப்பு நிறுவனம் 2012-இல் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகளின் நீரைச் சோதித்து, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்றது. அதே நீரின் அளவீடுகளை வைத்துக்கொண்டு, அதே மத்திய அரசாங்கத்தின் உடல்நல அமைப்பு 2016-இல் 27 கிணறுகளின் நீர் உடல்நலத்துக்குத் தீங்கு தரத்தக்கது என்றது. நான்காண்டு இடைவெளியில் ஒரே நீருக்கு இரண்டு சான்றிதழ்! அவ்வாண்டே இரு குடும்பங்களுக்கு 42 இலட்சத்து 40 ஆயிரம் டாலர் தரவேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்புரைத்தது. அடுத்த ஆண்டு நீதிபதி அதனைத் தள்ளினார். பின்னர்ச் சமரசத்தில் முடிந்தது.

பாறை ஒன்றாயினும் எல்லைக்கோட்டின் இருபுறமும் நீதி வேறு. டிமாக்கிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் நியூயார்க் மாநிலம். அங்கு 2008 முதல் இம்முறை நிறுத்தி வைக்கப்பட்டு, 2014 இறுதியில் தடை அறிவிக்கப்பட்டது; 2020-இல் அது சட்டமாயிற்று. எல்லைக்கு அப்புறத்து உழவர் சிலர், தம் காலடிச் செல்வம் வீணாகிறதே என்று இன்றும் குறைப்பட்டுக்கொள்வதையும் மறைக்கலாகாது.

நம் நாட்டில் இது தொடங்காத கதையுமன்று. மேற்கு வங்காளத்தில் துர்காபூர் அருகே இச்சாபூரில் 2011 சனவரியில் ஓ.என்.ஜி.சி. களிப்பாறை வாயுவைக் கண்டது. 2013-இல் அரசாங்கம் அதற்கென ஒரு கொள்கை வகுத்தது. 2017-இல் நெடுவாசல் மக்கள் நிலத்தடி வாயுத் திட்டத்தை எதிர்த்துப் போராடியது உங்களில் பலர்க்கு உறவினர் வாயிலாகவே தெரிந்திருக்கும். காவிரிப் படுகைக்கெனத் தமிழ்நாடு 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதிதாகத் தொடங்க விலக்கிய தொழில்களுள் களிப்பாறை வாயு எடுத்தலும் ஒன்று. இங்குக் கனி நிலத்துக்காரனுடையது அன்று; எண்ணெயும் வாயுவும் பொதுவுடைமை. ஆகவே டிமாக் உழவனுக்குக் கிடைத்த எட்டில் ஒரு பங்கு நம் உழவனுக்கு இல்லை. கிணறு மட்டும் இருவர்க்கும் ஒன்றே.

டிமாக்கின் முடிவைக் கேட்பீர்கள். 2020-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது குற்றவழக்குத் தொடுத்தார். அதன்பின் 2021-இல் நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து கோடெரா எனப் பெயர் மாறியது. 2022 நவம்பர் இறுதியில் அது குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், குறைக்கப்பட்ட குற்றச்சாட்டுக்குப் பணிந்தது. ஊருக்குக் குழாய் நீர் அமைக்க 1 கோடியே 62 இலட்சத்து 90 ஆயிரம் டாலர் கொடுக்கவும், பாதிக்கப்பட்ட வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்தை 75 ஆண்டுக்குச் செலுத்தவும் இசைந்தது. 2010-இல் வேண்டாம் என்று விட்ட குழாய், பன்னிரண்டு ஆண்டு கழித்து மிகுந்த விலையில் மீண்டும் திட்டமாயிற்று.

வெடிப்புக்குப் பின் ஊரின் ஒன்பது சதுர மைல் பரப்பில் புதிதாகத் தோண்டலாகாது என்று ஒரு தடை இருந்தது. அதே 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அது தளர்த்தப்பட்டது. எல்லைக்கு வெளியே துளையிட்டு, அவ்வீடுகளின் அடியே கிடைமட்டமாகச் செல்லலாம் என்று நிறுவனத்துக்கு வழி திறக்கப்பட்டது.